தொப்புள்: பள்ளத்துக்கு வந்த கொப்புளப் பெயர்

வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு என்றால் போதும், பாட்டி விளக்கெண்ணெயோடு தேடி வருவது நம் தொப்புளைத்தான். அங்கே விட்ட எண்ணெய் வயிற்றுக்குள் இறங்கிச் சூட்டைத் தணிக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் உள்ளே போக வழி ஏது? கருவில் இருந்தபோது இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் போய்வந்த வாசல் அது. பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் கொடி காய்ந்து விழுந்ததும் அடைபட்டுவிடும். மிஞ்சுவது ஒரு தழும்பு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'தொப்புள்' பேச்சுவழக்கு, 'கொப்பூழ்' இலக்கியவழக்கு. பொருநராற்றுப்படை பாடினியின் கொப்பூழை நீர்ச்சுழிக்கு ஒப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படைக்கோ காஞ்சி நகரமே திருமாலின் கொப்பூழில் பூத்த தாமரையின் பொகுட்டு, அதாவது பூவின் நடுக்கொட்டை. இதே சொல்லுக்குப் 'பொக்குள்' என்றும் ஒரு வடிவம் உண்டு. மலையாளத்தில் பொக்கிள், கன்னடத்தில் ஹொக்குள். பொக்குளில் பகரமும் ககரமும் இடம் மாறினால் கொப்புள். தசை சதை ஆனது மாதிரி.

பொக்குள், கொப்புள் இரண்டுக்கும் நீர்க்குமிழி, கொப்புளம் என்ற பொருளும் இருக்கிறது. இங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தொப்புள் ஒரு குழி. குழிக்கு யாராவது கொப்புளம் என்று பெயர் வைப்பார்களா? பெயர் வைத்தவர் பச்சைப் பிள்ளையைப் பார்த்து வைத்திருப்பார் என்பது என் ஊகம். கொடி விழுந்த புதிதில் சில குழந்தைகளுக்கு அது புடைத்துக்கொண்டு குமிழி போலத்தானே இருக்கும்!

'நாபி' வடசொல். சக்கரத்தின் நடுக்கட்டைக்கும் அங்கே அதுவே பெயர். நம் ஊரில் அந்தக் கட்டையைக் குடம் என்பார்கள். நாபிக்குத் தமிழ் வேண்டுமென்றால் கொப்பூழ் இருக்கிறது, உந்தியும் இருக்கிறது. 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று எழுத்தொலியின் பிறப்பையே தொல்காப்பியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உந்தி என்றால் ஆறு, நீர்ச்சுழி என்றும் பொருள். தொப்புளை மட்டும் கொச்சை என்று ஒதுக்குவானேன்? அதுவும் நல்ல தமிழ்தான்.

அப்புறம், அந்தக் கொடி. தெலுங்கில் அது 'பொட்டுதாடு', அதாவது தொப்புள் கயிறு. ஆங்கிலத்திலும் கயிறுதான். தமிழும் மலையாளமும் கொடி என்கின்றன, கன்னடம் பள்ளி என்கிறது. பள்ளி என்றாலும் கொடிதான். கயிறு கட்டும், கொடி வளரும். எனக்குக் கொடியே பிடித்திருக்கிறது. அதுவே குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தால் பேச்சில் மாலையாகிவிடும்: 'மாலை சுத்திப் பொறந்த புள்ளை.' தாய்மாமனுக்கு ஆகாது என்று, முதலில் ஒரு கிண்ணத்தில் பிள்ளையின் முகம் விழச் செய்து அதைத்தான் அவருக்குக் காட்டுவார்கள். கிண்ணத்தில் இருப்பது, வேறென்ன, எண்ணெய்.