தொட்டி மீனை ஏரியில் விடாதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது அழைப்பு. “சார், தொட்டியில இருக்கிற கிளீனர் மீன் ஒரு அடிக்கு வளர்ந்திடுச்சு. கொல்ல மனசு வரல. பக்கத்து ஏரியில விட்டா புண்ணியந்தானே, ஏரியும் சுத்தமாகுமே?” கேட்டவர் இரக்கமுள்ளவர். அதனால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

விடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பதால் சக்கர் மீனுக்குக் கிளீனர் என்று பேர் வைத்து விற்கிறார்கள். அந்தப் பேர்தான் வினை. ஏரியில் பாசி என்பது சாப்பாடு. அயிரையும் கெண்டைக் குஞ்சும் அதை மேய்ந்துதான் வளர வேண்டும். அந்தச் சாப்பாட்டை இது வழித்துத் தின்கிறது, அடியில் கிடக்கும் மற்ற மீன்களின் முட்டையையும் சேர்த்து. தின்றது கழிவாகி அதே தண்ணீரில்தான் கலக்கிறது. முட்டையிடக் கரையில் வளை தோண்டி மண்ணையும் சரிக்கிறது. இதில் சுத்தம் எங்கிருந்து வரும்?

தென் அமெரிக்க மீன் இது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு; வளர்ந்துவிட்டால் விராலாலும் விழுங்க முடியாது. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கும். சாக்கடை கலந்து நம் மீன்கள் செத்து மிதக்கும் ஏரியிலும் இது பிழைத்துக்கிடக்கும். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போன வாரம் ஒருவர், பக்கத் துடுப்பு முள் மாட்டிய இடத்திலெல்லாம் கண்ணியை அறுத்துத்தான் மீனை எடுத்தார். அதில் ஒன்றின் வயிற்றைக் கீறினேன். கடுகைவிடப் பெரிய மஞ்சள் முட்டைகள், கை நிறைய.

நாட்டு மீன் குறைய இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்துபோச்சு. புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும் சினை மீனை, ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கிலேயே அள்ளிவிடுகிறோம். கொசுவலை போட்டுக் குஞ்சையும் வாரிவிடுகிறோம். நாட்டு மீன் என்று பலர் நினைக்கும் ஜிலேபி மீனே (திலாப்பியா) 1952-ல் கொண்டுவந்து விட்டதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-லேயே தடை வந்தும் வளர்ப்பு நிற்கவில்லை. அதற்கெல்லாம் அரசும் ஊரும் சேர்ந்து இறங்க வேண்டும். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு நீங்கள் போதும்.

வாங்கும்போதே எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். சக்கர் மீன் ஒன்றரை அடி தாராளமாக வளரும். வளர்ந்துவிட்டதா, கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். யாரும் வாங்கவில்லையா, கால்நடை மருத்துவரிடம் போங்கள்; மீனை வலியில்லாமல் சாகவைக்க வழி இருக்கிறது. தொட்டித் தண்ணீரையும் செடியையும் மழைநீர் வாய்க்காலில் கொட்டவே கொட்டாதீர்கள். அப்புறம், வலையில் சிக்கிய சக்கர் மீனைக் கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். கொன்று, குழி தோண்டிப் புதையுங்கள்.

அழைத்தவரிடம், இடம் கிடைக்கும்வரை பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மேலே வலை கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானே போய் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.