பேச்சைக் கேட்காத கற்பனைத் தோழி

“என் நான்கு வயது மகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத தோழி ஒருத்தி உண்டு. நேற்று, ‘அவள் கோபித்துக்கொண்டாள், இனி வரமாட்டாளாம்’ என்று தேம்பித் தேம்பி அழுதாள். இவளே உருவாக்கிய ஒருத்தி இவள் பேச்சைக் கேட்காமல் போவது எப்படி?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் உளவியலாளர் மார்ஜோரி டெய்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறத்தாழ 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படியொரு துணை இருந்திருக்கிறது. உயிருள்ளதாகப் பாவிக்கும் பொம்மைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். அது நிஜமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். துருவித் துருவிக் கேட்கும் ஆய்வாளரிடம், “இது சும்மா விளையாட்டுக்குத்தான்” என்று பிள்ளைகளே விளக்குவார்கள்.

ஆனால் அந்தக் கோபம்? என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். எழுத்துக்கூட்டிப் படித்த நாள்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மூளை முயன்று உழைத்தது. இன்றோ இந்த வரியைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க உங்களால் முடியாது. பழகப் பழக உழைப்பு நினைவின் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. விளைவு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. தோழி விஷயத்திலும் இதுவே நடக்கிறது என்பது டெய்லர் குழுவின் விளக்கம். தொடக்கத்தில் அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் குழந்தை யோசித்தே அமைக்கிறது. மாதக்கணக்கில் பேசிப் பேசி அவள் குணம் பிடிபட்ட பிறகு, பதில் தானாக வருகிறது. யோசித்த தடம் தெரியாததால், அது வேறொருவர் சொன்னதாகவே காதில் விழுகிறது. உங்கள் மகள் கேள்வி கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் அந்த ஓரிரு நொடிகளைக் கவனியுங்கள். அங்கே அவள் நடிக்கவில்லை, பதிலை எதிர்பார்க்கிறாள்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்ததல்ல. அதே குழு 2003இல் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் விசாரித்தபோது, 92 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்கள் தாமாகவே பேசுவதை, முரண்டு பிடிப்பதை உணர்ந்ததாகக் கூறினார்கள்.

இவ்வளவு நுட்பமான திறமையை ஆவியென்றும் பிசாசென்றும் சொல்லிப் பிள்ளையை மிரட்டுவதைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. தோழியைக் கண்டு குழந்தையே நடுங்கினால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளச் சொல்கிறாள் என்றால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி, எதற்காகக் கோபித்துக்கொண்டாள் என்று மகளிடமே கேளுங்கள். அவளுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.