கென்யாவிலிருந்து ஒரு குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்தால்

சென்னையில் குழந்தைகள் இருதய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து அறுவைக்காக வரும் குழந்தைகள் எங்கள் வார்டில் எப்போதும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். வசதியுள்ளவர்கள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிவிடுவார்கள். செலவை யாரோ ஏற்றுக்கொண்டு வரவழைக்கும் குழந்தைக்கு அது முடியாது. அந்தக் குழந்தையையும் தாயையும் நம்மூர்க் குடும்பம் ஒன்று தன் வீட்டில் வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட உதவியில் ரோட்டரிக்காரர்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1975-ல் உகாண்டாவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை நியூயார்க் பக்கம் வரவழைத்து இருதய அறுவை செய்ய வைத்ததில்தான் அவர்களுடைய 'கிஃப்ட் ஆஃப் லைஃப்' திட்டம் தொடங்கியது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வயது, மேற்குக் கென்யா. பிறவியிலேயே 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ'. இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பு. அதனால் கெட்ட ரத்தம் கலந்து உடம்பெல்லாம் ஓடும், உதடு நீலம் பாரிக்கும். அவனைத் தங்கவைத்த குடும்பம் தங்கமான குடும்பம். தங்கள் படுக்கையறையையே காலி செய்து கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு பொம்மை. மூன்றாம் நாள் ஒரு வளைகாப்புக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே சளி, காய்ச்சல். அறுவை மூன்று வாரம் தள்ளிப்போனது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை ஊருக்கே காட்டி, வயிறு நிறையப் போட்டு அனுப்புவதுதான் நமக்குத் தெரிந்த உபசாரம். அறுவைக்கு வந்த குழந்தைக்கு அந்த உபசாரமே ஆபத்தாகிவிடுகிறது. சளி பிடித்த நுரையீரலோடு இருதயத்தைத் திறந்தால், வென்டிலேட்டரிலிருந்து எடுக்கவே பல நாள் ஆகலாம். ஆகவே அறுவை முடியும்வரை கதவைச் சாத்தியே வைத்திருங்கள். பார்க்க ஆசைப்படும் அத்தையிடமும் சித்தப்பாவிடமும் "டிஸ்சார்ஜ் ஆனதும் வாங்க" என்று சொல்வது உங்கள் பொறுப்பு. வந்த இடத்தில் அந்தத் தாயால் அதைச் சொல்ல முடியாது. வீட்டில் யாருக்காவது இருமல் என்றால், மறைக்காமல் முதல் நாளே எங்களுக்குப் போன் செய்யுங்கள். மலேரியா உள்ள ஊரிலிருந்து வந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வைரல் ஃபீவர் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை அன்றைக்கே வேண்டும்.

அடுத்தது, இந்தக் குழந்தைகள் விளையாடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று குந்தி உட்காருவார்கள். வீட்டுப் பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் குந்துவார்கள். விளையாட்டில்லை. குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும் என்று அந்த உடம்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. சில நாள் காலையில் எழுந்து அழும்போதோ, முக்கி மலம் கழிக்கும்போதோ திடீரென்று நீலம் அதிகமாகி மூச்சு வாங்கும். அப்போது குழந்தையை மடியில் போட்டு, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பதறாமல் பேசிக்கொண்டே இருங்கள், கூடவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கருத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் ஆக்சிஜனை உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். வாந்தி, பேதி இரண்டும் இவர்களுக்குப் பெரிய விஷயம். ஏற்கெனவே கெட்டியான ரத்தம், நீர் குறைந்தால் இன்னும் கெட்டிப்படும். கத்திரி வெயிலில் வந்தால் ரொம்பக் கவனம்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அவர்களுடைய 'உகாலி' நம் களி மாதிரிதான், மக்காச்சோள மாவில் கிண்டுவது. மாவை வாங்கிக் கொடுத்து அடுப்பை அந்தத் தாயிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பையன் நம் இட்லியை நான்கு நாளாகத் தொடவில்லை. அம்மா கிண்டிய களியை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். பாட்டி ஆசையாக உரைத்துக் கொடுக்கும் வசம்பும், சளிக்குக் கஷாயமும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் ராத்திரி அவன் "மாமா, மாமா" என்று அழ, வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எழுந்து ஓடியிருக்கிறார். சுவாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா. 'மாஜி' தண்ணீர், 'இனாஉமா' வலிக்கிறது. இந்த மூன்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். அழும் குழந்தையை முதலில் தூக்க வேண்டியது தாய்தான், நீங்கள் எத்தனை பிரியமாக இருந்தாலும். மருந்தைச் சிரிஞ்சில் இழுப்பதும் அவள்தான். எத்தனை மில்லி என்று சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி நாங்கள் அடையாளம் வைத்துக் கொடுப்போம். நாளைக்கு ஊரில் அதைத் தனியாகச் செய்யப்போகிறவள் அவள். அறுவைக்குச் சம்மதக் கையெழுத்தும் அவளுடையது, அவளுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு வைஃபை கொடுங்கள்; கென்யாவில் அப்போது ஏழு மணி, அப்பா வேலை முடிந்து வந்திருப்பார். தழும்போடு இருக்கும் நெஞ்சைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளையாக இருந்தால் போடுவீர்களா?

அறுவைக்குப் பிறகு நெஞ்செலும்பு சேர ஆறு வாரம் ஆகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை புட்டத்துக்கு. கென்யத் தாய்மார்கள் 'லெசோ' என்ற துணியில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்வார்கள், நெஞ்சு அப்படியே அழுந்தும். அந்தத் தாய் பழக்கத்தில் துணியை எடுத்தபோது, வீட்டு அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாராம். சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் குழந்தையாக இருந்தால், ஒருநாள் கீரையே இல்லாமல் மறுநாள் கிண்ணம் நிறைய முருங்கைக்கீரை என்று போடாதீர்கள். மருந்தின் வேலை கூடிக் குறையும்.

பேப்பர் வேலையும் இருக்கிறது. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளத்தில் பதிய வேண்டும். எல்லாரும் 'சி ஃபார்ம்' என்று சொல்வது இதைத்தான். ஹோட்டலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. குழந்தைக்கு மெடிக்கல் விசா, தாய்க்கு அட்டெண்டன்ட் விசா. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் பையனுக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது போல உங்களுக்கும் போகலாம். கென்யாவிலிருந்து கிளம்பும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே இறங்கியதும் தனிமையில் வைத்துவிடுவார்கள்.

ஒன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அப்போது இந்த ஊரில் அந்தத் தாய்க்குத் தெரிந்த முகம் உங்களுடையது மட்டும்தான். "விதி" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், கூட உட்காருங்கள். உடலை ஊருக்கு அனுப்ப டெல்லியிலுள்ள தூதரகம், போலீஸ், விமான நிறுவனம் என்று எல்லாரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கெல்லாம் நீங்களும் எங்கள் ஆஸ்பத்திரி சமூக சேவகரும் அலையுங்கள், அவளை அலைய விடாதீர்கள்.

எங்கள் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் இந்த அறுவை செய்த குழந்தைகளுக்கு வால்வு கசிகிறதா என்று ஆயுசுக்கும் பார்க்க வேண்டும். எல்டோரெட்டிலோ நைரோபியிலோ எந்த டாக்டரிடம் காட்டுவது என்று இங்கிருந்து கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அவர்களைத் தங்கவைத்த வீட்டு அக்கா டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு காப்பி, எக்கோ சிடி, மூன்று மாத மருந்து, பிளாஸ்டர் ஒட்டிய சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுத் தாயின் தோளில் மாட்டிவிட்டார், பெட்டியில் வைக்க விடவில்லை. பெட்டி வழியில் தொலைந்தாலும் தொலையும்.