முன்கதவுக்குத் தேக்கு, அடுக்களைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வேளாங்கண்ணிக்கோ, மூணாறுக்கோ, சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கோ கிளம்புகிறவர்கள் எங்களைத் தேடுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். "நாளைக்கழிச்சு போறோம், அதுக்குள்ள நாலு கேமரா மாட்டித் தர முடியுமா?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வீடுகளுக்குப் பூட்டும் கேமராவும் பொருத்துவது என் தொழில். கேமரா விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் போனதும் நான் கேட்பது, "முதல்ல அடுக்களைக் கதவைக் காட்டுங்கக்கா" என்று.

முன்பக்கம் தேக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, விலை கூடிய பூட்டு, அதற்கு வெளியே இரும்பு கிரில். பின்னால் போய்ப் பார்த்தால் மழையில் ஊறி அடிப்பாகம் இற்றுப்போன ஒரு பலகைக் கதவும் அதில் ஒற்றைத் தாழ்ப்பாளும் இருக்கும். நம் குமரி மாவட்டத்து வீடுகள் பலவும் விளைக்கு, அதாவது தோப்புக்கு, நடுவில் நிற்பவை. முன்னால் ரோடு, பின்னால் தென்னையும் வாழையும் ரப்பரும். பின்கதவில் ஒருவன் அரை மணி நேரம் நின்று வேலை பார்த்தாலும் ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது. மழை பெய்தால் சத்தமும் கேட்காது. அவன் எதற்குத் தேக்குக் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும்?

பல வீடுகளில் பூட்டு உடைவதில்லை, கொண்டிதான் பெயர்ந்து வருகிறது. அரை அங்குல ஸ்குரூவில் நிற்கும் கொண்டியில் எவ்வளவு விலை கூடிய பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒரு கம்பிப்பாரை போதும். அந்த ஸ்குரூவைக் கழற்றிவிட்டுக் கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உள்பக்கம் நட் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். அதோடு உள்ளே கதவுக்குக் குறுக்காக ஒரு இரும்புப் பட்டை, அதைத் தாங்கச் சுவரில் இரண்டு கொக்கி. பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள், ஒரு கேமராவின் விலைகூட ஆகாது. பழைய ஓட்டு வீடுகளில் கதவுக்குப் பின்னால் மரத்தடி போட்டார்களே, அதே வேலைதான். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் தலைக்கதவுக்கும் இதைச் செய்யுங்கள். அங்கே பெரும்பாலும் பிளாஸ்டிக் கதவுதான் இருக்கிறது.

அப்புறம் ஏணி. தேங்காய் வெட்டப் பயன்படும் ஏணி சுவரில் சாய்ந்திருக்கும், மம்பட்டியும் பாரையும் ரப்பர் ஷீட் அடிக்கும் சாய்ப்பில் கிடக்கும். திருட வருகிறவன் கருவி சுமந்து வர வேண்டியதே இல்லை! ஊருக்குப் போகும்முன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டுங்கள். ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாலும் சரி. ஓட்டு வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நாலு ஓட்டைப் பிரித்தால் உள்ளே இறங்கிவிடலாம்.

இனி கேமரா. "அதான் கேமரா இருக்குல்லா தம்பி, பிறகு என்ன பயம்?" என்பார்கள். இடி மின்னலுக்குப் பயந்து கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் பக்கத்துப் பழக்கம். துலா மாத (ஐப்பசி) இடியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் மெயினோடு கேமரா, அது எடுப்பதைப் பதிவு செய்யும் ரெக்கார்டர், இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இவற்றுக்கு மட்டும் தனி லைன் பிரித்து, மின்னழுத்தம் எகிறினால் தாங்கும் கருவியும் சின்ன யுபிஎஸ்ஸும் வைத்துவிட்டால் மற்ற லைன்களை அணைத்துவிட்டுப் போகலாம்.

ரெக்கார்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேமராவைப் பார்த்துவிட்டவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். உயரமான பரணோ பூட்டிய அலமாரியோ நல்லது, காற்றோட்டம் மட்டும் இருக்க வேண்டும். இன்னொன்று, இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் போனில் எச்சரிக்கை மணி அடிக்கும். பத்து முறை ஏமாந்தவர் பதினோராவது முறை பார்க்க மாட்டார். கிளம்புகிற அன்று ஒரு துணியால் கேமராவைத் துடைத்துவிடுங்கள். குளச்சல், கன்னியாகுமரி மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும், அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

துபாயிலும் குவைத்திலும் இருந்து போனில் வீட்டைப் பார்ப்பவர்கள் நம்மிடம் நிறைய. ஆள் சுவர் ஏறுவதைப் பார்த்துவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அங்கிருந்து 100 அல்லது 112 அழுத்தினால் இங்கே விழாது. உள்ளூர்க் காவல் நிலையத்தின் எண்ணையும், நடுராத்திரி கூப்பிட்டாலும் எடுக்கிற பக்கத்து வீட்டு அண்ணனின் எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு சேமித்து வையுங்கள். உள்ளூர்க்காரர்களும் எத்தனை நாள் இருக்க மாட்டீர்கள் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வரும்போது பார்ப்பார்கள்.

வீடு காலியாக இருப்பதைக் காட்டிக்கொடுப்பது பூட்டு மட்டுமல்ல. காலையில் முற்றம் பெருக்குகிற ஊர் இது. மூன்று நாள் பலா இலை அப்படியே கிடந்தால் சைக்கிளில் போகிறவனுக்கும் விஷயம் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தெரு முழுக்க ஸ்டார் எரிய, ஒரு வீட்டில் மட்டும் இருட்டு. அதைவிட மோசம், பகலிலும் எரிகிற வாசல் லைட். இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் பல்பு கடைகளில் கிடைக்கிறது, அதைக் கேமரா லைனோடு சேர்த்துவிடலாம். பெருக்கவும் பத்திரிகையை எடுத்து வைக்கவும் ஒருவருக்குக் காசு கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். சாவியை மீட்டர் பெட்டிக்குள்ளும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்க வேண்டாம், அங்கேதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். போட்டோக்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது திரும்பி வந்த பிறகு.

நகைக்கு லாக்கர்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், வங்கியில் திருட்டோ தீ விபத்தோ நடந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். நம் ஊர்க் கல்யாண நகைக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்கலாம், ஆனால் சேலைக்கு அடியில் வைப்பதற்கு அந்த 2 லட்சமும் இல்லை. நகைகளைப் போட்டோ எடுத்து, பில்லோடு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்றே 100க்குக் கூப்பிடுங்கள். கைரேகை எடுக்க வருகிறவர்கள் வந்து முடிக்கும்வரை அலமாரியையும் சிதறிய துணியையும் தொடக்கூடாது, ஆறுதல் சொல்ல வருகிற சொந்தக்காரர்களையும் முற்றத்திலேயே நிறுத்துங்கள். ரெக்கார்டரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதியது ஏறும். நாலு கேமரா ஓடும் வீட்டில் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ அது நடந்துவிடும். அதனால் வேண்டிய நாளின் பதிவைப் போலீஸ் முன்னிலையில் அன்றைக்கே நகல் எடுக்கச் சொல்லுங்கள்.