பத்துப் பையில் எத்தனை நாள் சமைக்கலாம்?

ஆடி பிறந்ததும் செடிப்பை விற்பனை சூடு பிடிக்கும். ஐம்பது பை, பதினைந்து வகை விதைப் பொட்டலம், இரண்டு மூட்டை மண்புழு உரம் என்று வாங்கி அடுக்கியவர்களின் மொட்டைமாடியை மார்கழியில் ஏறிப் பார்த்தால், பாதிப் பைகளில் கோரையும் குப்பைமேனியும்தான் நிற்கும். செடி வளர்க்கத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. "இனிமேல் கடையில் காயே வாங்கக் கூடாது" என்று முதல் நாளே வைத்துக்கொண்ட இலக்குதான் கவிழ்க்கிறது. அந்த இலக்கு ஏன் ஒத்துவராது என்பது சமையலறைக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பார், பொரியல், கூட்டு எல்லாவற்றுக்குமாக நாளொன்றுக்கு ஒரு கிலோ காய்கறி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 கிலோ. அதில் கணிசமான பங்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும். இவை இரண்டையும் பையில் போட்டு வீட்டுத் தேவையை நிரப்ப முடியாது. ஒரு பையில் பதினைந்து சின்ன வெங்காயம் ஊன்றினால் இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பை முடங்கிக் கிடக்கும். கடைசியில் கைக்கு வருவது அரைக் கிலோ. ஆசைக்கு ஒரு பை போடலாம், தேவைக்கு ஆகாது.

இப்போது வெண்டைக்கு வருவோம். விதைத்து 45 நாளில் காய்க்கத் தொடங்கும். நன்றாக இருக்கும் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். பிஞ்சாகப் பறித்தால் ஒரு காய் 12 முதல் 15 கிராம். நான்கு பேருக்குப் பொரியல் வைக்க 400 கிராம், அதாவது முப்பது காய் வேண்டும். ஆறு செடி வைத்தவருக்கு நாளைக்கு மூன்று காய்தான். முப்பது சேர்வதற்குப் பத்து நாள் ஆகும். முதலில் பறித்த காய் அதற்குள் குளிர்பெட்டியில் வதங்கி நாராகிவிடும். மூன்று நாளுக்கு ஒரு தரம் பொரியல் வேண்டுமென்றால் இருபது செடி வேண்டும். எனவே வெண்டை போடுவதென்றால் இருபது போடுங்கள், இல்லையென்றால் அந்த முறை வெண்டையையே விட்டுவிடுங்கள். எல்லாக் காயிலும் இரண்டிரண்டு செடி என்று வைப்பதுதான் மாடித்தோட்டத்தில் மிகப் பரவலான தவறு. பார்க்க அழகாக இருக்கும், ஒரு நாள் சமையலுக்கும் தேறாது.

கத்தரியின் கணக்கு வேறு. ஒரே செடி ஐந்தாறு மாதம் நின்று காய்க்கும். பராமரித்தால் பையிலேயே செடிக்கு இரண்டு கிலோ வரை எடுக்கலாம். நான்கு செடி இருந்தாலே வாரம் ஒரு குழம்புக்குக் கிடைக்கும். தக்காளி ஒன்றரை முதல் இரண்டு கிலோ தரும், ஆனால் ஒரு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் தக்காளியை ஒரே நாளில் எட்டு நாற்று நடாமல், நான்கு நட்டு முப்பது நாள் கழித்து அடுத்த நான்கை நடுவது நல்லது. பீர்க்கு, புடலை, சுரைக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டியும் பந்தலும் வேண்டும். ஒரு கொடிக்கு ஐந்து முதல் எட்டுக் காய் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

ஒரு மாடியால் வீட்டுத் தேவையை முழுதாகவே நிரப்பக்கூடியவை கீரை, பச்சை மிளகாய், புதினா, கறிவேப்பிலை. முதல் ஆண்டின் இலக்கு இந்த நான்கோடு நின்றால் போதும். பச்சை மிளகாய்ச் செடி சராசரியாக நாளுக்கு ஒரு காய் தரும் என்று கொள்ளலாம். நாளைக்கு ஆறு மிளகாய் ஆகும் வீட்டுக்கு ஆறு செடி. கீரைக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஏழெட்டு அங்குல ஆழமுள்ள தட்டுப்பை ஒன்றில் சுமார் அரைக் கிலோ கிடைக்கும், ஒரு வேளைக் கூட்டுக்குச் சரியாக இருக்கும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடுவோம் என்பதால், வாரம் இரண்டு முறை கீரை சமைக்க எட்டுத் தட்டு தேவைப்படும். அரைக்கீரை அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பன்னிரண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு அறுப்பு என்று வைத்தால் நான்கு தட்டே போதும். நான்கையும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. நாலைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால்தான் அறுப்பும் முறைவைத்து வரும். கறிவேப்பிலை மட்டும் பொறுமை கேட்கும். முதல் ஆண்டு சமையலுக்கு இலை பறிக்காமல், நுனியை மட்டும் கிள்ளிக் கிளைக்க விடவேண்டும்.

தேவை தெரிந்த பிறகு இடத்தைப் பார்க்கலாம். காய்க்கும் செடிகளுக்கு நாளில் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரை, புதினாவுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். ஆடியில் பார்த்த வெயிலை நம்பி இடம் குறிப்பது ஆபத்து. அப்போது உச்சி வெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். தெற்குப் பக்கம் உயரமான வீடோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், ஆடியில் வெயில் கொட்டிய இடம் மார்கழியில் முழு நிழலில் கிடக்கும். கார்த்திகையில் பூக்காத கத்தரிக்கு உரம் மேல் உரமாகப் போடுகிறவர்களில் பலருக்குக் குறை வெயிலில் இருக்கிறது, உரத்தில் இல்லை.

பாரத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆள் ஏறிப்போகும் மொட்டைமாடித் தளத்துக்கு கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தர விதி (IS 875) கணக்கில் கொள்ளும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ; சதுர அடிக்குப் பார்த்தால் சுமார் 14 கிலோ. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பையில் விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். வெறும் செம்மண்ணாக இருந்தால் நனைந்த பிறகு 30 கிலோவைத் தாண்டும். தென்னைநார்க் கழிவும் உரமும் கலந்தால் 20 கிலோ அளவில் நிற்கும். அந்தப் பை உட்காரும் இடம் ஒரு சதுர அடி. ஆக, பைகளை இடைவெளியில்லாமல் ஒட்டி அடுக்கினால் கலவை மண்ணிலேயே கணக்கு மீறுகிறது. பைக்குப் பை ஓரடி விட்டு, சுவரோரமாகவும் உத்திரம் ஓடும் வரிசையிலும் வையுங்கள். கனமான தொட்டிகள் தூண் இருக்கும் மூலைகளுக்குப் போகட்டும். அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தண்ணீர் தேங்காமல் வடியும், தளத்திலும் ஓதம் ஏறாது. பழைய கட்டடம், ஏற்கெனவே ஒழுகும் தளம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தண்ணீரும் நேரமும் இலக்கின் மேல்வரம்பைத் தீர்மானிப்பவை. சித்திரை வெயிலில் இந்த அளவுப் பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். முப்பது பைக்கு 45 முதல் 60 லிட்டர், நான்கைந்து வாளி. அதைத் தினமும் மாடிக்குத் தூக்க ஆளில்லை என்றால் பையைக் குறையுங்கள், அல்லது மாடியிலேயே குழாய் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தண்ணீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. உப்புச் செறிந்த தண்ணீர் அது. இரண்டு மாதத்தில் மண்ணின் மேல் வெள்ளை படியும், இலை ஓரம் கருகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். நேரத்தைப் பொறுத்தவரை, பத்துப் பைக்கும் நான்கு கீரைத் தட்டுக்கும் தினம் இருபது நிமிடமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமும் ஆகும். அந்த இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற மட்டுமல்ல, இலையைத் திருப்பிப் பார்க்கவும்தான்.

பத்துப் பைக்கு மொத்தம் 180 லிட்டர் கலவை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு என்றால் ஒவ்வொன்றிலும் 60 லிட்டர். செம்மண் சிமெண்டுச் சாக்கில் ஏறக்குறைய இரண்டு சாக்கு. ஐந்து கிலோ தென்னைநார்க் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 லிட்டருக்குக் குறையாமல் உப்பும். பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூள் சேருங்கள். நார்க்கட்டியை ஊறவைத்ததோடு விடாமல், பழுப்பு நீர் வடிந்து தெளியும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியவேண்டும். அலசாத நாரில் உப்பு இருக்கும். விதை முளைத்து, நாற்று இரண்டு இலையோடு மஞ்சளித்து நின்றுவிடும். கலவையைத் தயாரித்து, ஈரம் தெளித்து, பத்து நாள் ஆறவைத்து அதன் பிறகு நடுவது நல்லது. பாதி மக்கிய சாணத்தைப் போட்டு அன்றைக்கே நட்டால் வேர் வெந்துவிடும்.

எதை எப்போது என்பதிலும் ஆசையை அடக்கவேண்டியிருக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்குகிற சித்திரை, வைகாசியில் தக்காளி பூக்கும், பூவெல்லாம் உதிரும். நுண்ணூட்டம் தெளித்தாலும் பெரிதாகப் பிடிக்காது. அந்த மாதங்களுக்குக் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை. கீரைக்கும் நாற்றுக்கும் மேலே 50 சதவீத நிழல்வலை போடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதிதாக விதைப்பதே வேண்டாம். நாற்றழுகலில் எல்லாம் சாய்ந்துவிடும். ஆவணிக்குள் நட்டு, மழைக்கு முன்பே செடிக்குக் குச்சி கட்டி, பையின் வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும். தையில் போடுவது பெரும்பாலும் தவறாமல் கைகொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆடியைவிடத் தையையே சொல்வோம், பழமொழி கோபித்துக்கொண்டாலும் சரி.

இழப்பையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நட்டதில் மூன்றில் ஒன்று போகும் என்று வைத்தால், ஆறு மிளகாய்ச் செடி தேவைப்படும் இடத்தில் ஒன்பது நாற்று நடவேண்டும். மிளகாயில் இலைச் சுருட்டு, கத்தரியில் தண்டு காய்த்துளைப்பான், வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி என்று வரிசையாக வரும். தேமலை வெள்ளை ஈ பரப்புகிறது, வந்த செடிக்கு மருந்து கிடையாது. நரம்பு மஞ்சளித்த அன்றே பிடுங்கிக் குப்பையில் போடவேண்டும். பாவம் பார்த்து வைத்திருக்கும் அந்த ஒரு செடிதான் மீதிப் பத்தொன்பதையும் கெடுக்கும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். மாவுப்பூச்சிக்குத் தொடக்கத்தில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரே போதும், தப்பியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்தால் நோயென்று பதற வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வருவது அது. தண்ணீரை ஒரே சீராகக் கொடுத்தால் அடுத்த கொத்து சரியாக வரும். சுரையும் பீர்க்கும் பிஞ்சிலேயே வெம்பினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். இவை மாலையில் பூப்பவை. அந்தி சாயும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தொட்டு வைக்கவேண்டும்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்வதென்றால், முதல் ஆண்டில் பை, கலவை, நிழல்வலைச் செலவு காயில் திரும்பாது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பில் ஆறு பைதான் இருந்தது. தொடங்குவதற்கு அது போதுமான அளவே.

ஒரு நோட்டில் ஒவ்வொரு பறிப்பையும் எழுதி வாருங்கள். கிராம் எழுதச் சோம்பலாக இருந்தால் "கூட்டு ஒன்று", "குழம்பு ஒன்று" என்று எழுதினால் போதும். பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், முடியும்போது கீரை பதினைந்து கூட்டும் கத்தரி நான்கு குழம்பும் தந்திருந்து, வெண்டை ஒரு பொரியலோடு நின்றிருந்தால், அடுத்த தையில் வெண்டை இருந்த பைகளில் கீரைக்குத் துணையாகக் கொத்தவரையைப் போடலாம். எண்ணிக்கையைக் கூட்டுவது, இருக்கிற பைகள் எல்லாம் இரண்டு பட்டம் தொடர்ந்து காலியில்லாமல் நின்ற பிறகு, ஒரு தடவைக்கு ஐந்து பை.