சஹாரா கல்லின் ரிஷிமூலம்

மொராக்கோ வியாபாரிகளிடம் வந்துசேரும் விண்கற்களில் பெரும்பாலானவை எந்த இடத்தில் கிடந்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நாடோடிகள் சஹாராவில் பொறுக்கியது நாலு கை மாறி வந்திருக்கும். அதனால் அவற்றுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. 'வடமேற்கு ஆப்பிரிக்கா'வைக் குறிக்கும் என்டபிள்யூஏ, பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். ஆனால் கிடந்த இடம் தெரியாவிட்டாலும், விண்வெளியில் அது எந்த வகைப் பாறையின் துண்டு என்பதைக் கல்லிடமிருந்தே கறந்துவிடலாம்.

உதாரணத்துக்கு, காண்ட்ரூல் என்ற உருண்டைகள் கொண்ட ஆதிக்கற்களான காண்ட்ரைட்டுகளில் 'கார்பன் காண்ட்ரைட்' என்றொரு வகை உண்டு. கல் கறுப்பாக இருக்கிறதே, அந்த வகையா என்று அறியக் கார்பனை அளந்தால் போதாதா? போதாது. 1969-ல் மெக்சிகோவில் விழுந்த அலெண்டே, அதிகம் ஆராயப்பட்ட கார்பன் காண்ட்ரைட்டுகளில் ஒன்று. அதில் கார்பன் 1 சதவீதம்கூட இல்லை. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் வேண்டாத வேலை. வலுவான நியோடிமியம் காந்தம் பட்டால், கல்லுக்குள் ஆதியில் பதிந்த காந்தப்புலத்தின் தடம் அழிந்துபோகும். சந்தையில் பலரும் முதலில் செய்வதே அதுதான் என்பது வயிற்றெரிச்சல்.

ஆய்வகத்தில் கல்லை அறுத்து, ஒரு சில்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பார்கள். ஒளி ஊடுருவும் அந்தச் சில்லை நுண்ணோக்கியில் வைத்தால், உருகிய துளிகள் உறைந்து உருவான காண்ட்ரூல் என்ற உருண்டைகள் தெரியும். அவற்றின் அளவே பாதி சேதி சொல்லிவிடும். கார்பன் காண்ட்ரைட்டுகளை சிஓ, சிஎம், சிவி, சிகே போன்ற எழுத்துப் பெயர்களால் குழுக்களாகப் பிரிப்பார்கள். சிஓ குழுவில் சராசரி விட்டம் சுமார் 0.15 மி.மீ., சிஎம் குழுவில் 0.3, சிவி குழுவில் ஏறக்குறைய 1. இடையிடையே கால்சியமும் அலுமினியமும் செறிந்த வெள்ளைத் திட்டுகள் பெரிதாக இருந்தால் சிவி என்ற சந்தேகம் வலுக்கும். சூரிய மண்டலத்தில் உருவான திடப்பொருள்களில் இவையே மிகப் பழையவை. வயது சுமார் 456.7 கோடி ஆண்டு.

சிகே குழுவிலும் உருண்டைகள் பெரியவைதான். இரண்டையும் பிரித்தறிய, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிக் கனிமத்தின் சேர்மானத்தை அளக்கும் எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் தேவைப்படுகிறது. ஆலிவின் கனிமத்தில் மக்னீசியமும் இரும்பும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும். இரும்பின் பங்கு ஒரு கனிம மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாறுமாறாக வேறுபட்டால், அந்தப் பாறை அதிகம் சூடேறவில்லை என்று பொருள். சூட்டாலும் தண்ணீராலும் கல் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லும் எண்வரிசையில் அது 3-ம் வகை. எல்லா மணிகளிலும் ஒரே அளவு இருந்தால், நெடுங்காலச் சூட்டில் இரும்பு பரவிச் சமனாகியிருக்கிறது. அது 4 முதல் 6 வரை. தண்ணீரால் மாறியவை 2, 1. சிகே கற்களில் பெரும்பாலானவை சமனானவை. அவற்றின் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் குரோமியமும் கூடுதலாக இருக்கும்.

பாலைவனக் கல்லில் உண்மையான தலைவலி இனிமேல்தான். விரிசல்களில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்திருக்கும். சிஎம் கற்களிலோ விண்வெளியிலேயே தண்ணீர் உண்டாக்கிய கால்சைட் உண்டு. எது எதனுடையது? கால்சைட் இழை, கல் காற்றில் எரிந்தபோது உண்டான மேலோட்டையும் வெட்டிக்கொண்டு போனால், அது பூமியின் கைவரிசை. உலோகம் துருவாகிப்போன அளவையும் தனியாகக் குறிப்பார்கள். ஆனால் அந்த அளவுகோல் 'சாதாரண காண்ட்ரைட்' என்ற வேறு வகைக் கற்களுக்காக வகுத்தது. உலோகமே அரிதாக உள்ள கல்லில் அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

கடைசித் தீர்ப்பைப் பெரும்பாலும் ஆக்சிஜன் சொல்லும். சில மில்லிகிராம் தூளை அமிலத்தில் கழுவிப் பூமித் துருவை நீக்கி, லேசரால் சூடாக்கி, வெளிவரும் ஆக்சிஜனில் 16, 17, 18 என்ற நிறை எண் கொண்ட ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் அணுக்களின்) விகிதத்தை அளக்கிறார்கள். வரைபடத்தில் பூமிப் பாறைகள் ஒரே கோட்டில் விழும். சிவி கற்கள் அதற்குக் கீழே, வேறு சாய்வில் விழும். 1973-ல் ராபர்ட் கிளேட்டன் குழு அலெண்டேயின் வெள்ளைத் திட்டுகளில் இதைக் கண்டது.

பிறகு 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைத்தால், விண்கல் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான மீட்டியாரிட்டிகல் சொசைட்டியின் பெயர்க்குழு பரிசீலிக்கும். எந்தக் குழுவிலும் சேராத கற்களும் உண்டு. அப்படிப்பட்டவை, ஒரே விழுகையைச் சேராதவையாக, குறைந்தது 5 கிடைத்தால்தான் புதுக் குழு தொடங்குவது வழக்கம். அல்ஜீரியாவில் 1990-ல் கிடைத்த ஆக்ஃபர் 094 இன்னும் 'குழுவில் சேராதது' என்றே பட்டியலில் இருக்கிறது.