கறுத்துப்போன வெள்ளிக் கவசமும் தரையில் கிடக்கும் ஈட்டிகளும்

லண்டன் நேஷனல் கேலரியில், 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பாவ்லோ உச்செல்லோ வரைந்த போர்க்களப் படம் ஒன்று இருக்கிறது. 3 மீட்டருக்கு மேல் அகலம். நடுவே வெள்ளைக் குதிரையில் ஃபுளோரன்ஸ் நகரத்தின் படைத்தலைவர் நிக்கோலோ தா தொலெந்தினோ. சண்டைக்கு நடுவிலும் தலைக்கவசம் இல்லை, சிவப்பும் பொன்னுமாக ஒரு பெரிய துணித் தொப்பிதான். சுற்றியுள்ள வீரர்களின் கவசங்கள் மங்கிய சாம்பல் நிறத்தில், சில இடங்களில் கறுப்பாகவே தெரிகின்றன. மேகம் மூடிய நாளில் நடந்த சண்டை போலிருக்கிறது என்று தோன்றும். ஆனால் உச்செல்லோ அந்தக் கவசங்களுக்குச் சாம்பல் நிறம் தீட்டவில்லை. நிஜ வெள்ளியை ஒட்டியிருந்தார்.

சண்டையின் கதை சுருக்கமானது. 1432 ஜூன் 1, ஆர்னோ பள்ளத்தாக்கில் சான் ரொமானோ என்ற இடம். ஒரு பக்கம் ஃபுளோரன்ஸ், மறுபக்கம் சியெனா. அந்தக் காலத்து இத்தாலிய நகர அரசுகள் ஒப்பந்தம் போட்டுக் கூலிப்படைத் தலைவர்களை அமர்த்திக்கொண்டு போரிட்டன. தொலெந்தினோவும் அப்படி வந்தவர்தான். சிறு படையோடு மாட்டிக்கொண்ட அவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார். மிக்கெலெத்தோ என்ற இன்னொரு தலைவர் படையோடு வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. இது ஃபுளோரன்ஸ்காரர்கள் சொல்லும் கதை. லியோனார்தோ பர்த்தொலினி என்ற ஃபுளோரன்ஸ் செல்வந்தர் 1440ஐ ஒட்டி இதை மூன்று பெரிய மரப்பலகைகளில் வரையச் சொன்னார்.

வெள்ளிக்கு வருவோம். தஞ்சாவூர் ஓவியங்களில் தங்க ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேலை விளங்கிவிடும். வெள்ளியை அடித்து அடித்து மெல்லிய ரேக்காக்குவார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. வழவழப்பாக்கிய பரப்பில் பசை தடவி அதை ஒட்டி, மேலே கவசத்தின் மடிப்பையும் ஆணியையும் கோடுகளாக வரைவார்கள். தன் மேல் விழும் ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளி திருப்பி அனுப்பிவிடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஆள் நடக்க நடக்க, படத்திலிருந்த குதிரைவீரர்களின் உடம்பில் ஒளி இடம் மாறியிருக்கும். வண்ணம் எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

சிக்கல் காற்றில் இருந்தது. கரிப்புகை, சாக்கடை, அழுகும் குப்பை, கம்பளித் துணி என்று பலவற்றிலிருந்து கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. அவற்றில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும், ஈரப்பதமும் ஆக்சிஜனும் துணைசெய்ய, அது வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்வரை மஞ்சளாகத் தெரியும். கனம் ஏற ஏறப் பழுப்பாகி, நீலம் பாய்ந்து, கடைசியில் கறுத்துவிடும். வீட்டில் கொலுசு கறுப்பதும் இதே வினைதான். கொலுசை விபூதி போட்டுத் தேய்த்தால் மேல்படலம் போய் அடியிலிருக்கும் வெள்ளி தெரியும். ரேக்கில் அந்த வசதி கிடையாது. கறுப்பு ஏறியபின் தேய்த்து எடுக்க அடியில் வெள்ளியே மிஞ்சாமல் போகலாம்; தேய்க்கிற கை மேலே வரைந்த கோடுகளையும் சேர்த்து எடுத்துவிடும்.

தங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கந்தகக் காற்று அதை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் அதே படத்தில் குதிரைகளின் வார்ப்பட்டைகளில் பதித்த தங்க வில்லைகள் இன்றும் மின்னுகின்றன, குதிரைகள்மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்களோ மங்கிப்போயிருக்கிறார்கள்.

வெள்ளி கறுக்கும் என்பது உச்செல்லோவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? 1400ஐ ஒட்டி ஓவியர்களுக்குக் கையேடு எழுதிய சென்னீனோ சென்னீனி, வெள்ளியை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறார். அது நிலைக்காது, சுவரிலும் பலகையிலும் கறுத்துவிடும் என்று காரணமும் சொல்கிறார். அடித்த தகரத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்பது அவர் யோசனை. இன்னொரு வழியும் இருந்தது. வடக்கே ஃபிளாண்டர்ஸில் யான் வான் ஐக் 1436இல் முடித்த ஒரு மாதா படத்தில் புனித ஜார்ஜின் கவசம் முழுக்க எண்ணெய் வண்ணம். பக்கத்திலுள்ள மாதாவின் உருவத்தைக்கூட அந்தக் கவசத்தில் பிரதிபலிக்கவைத்திருக்கிறார். அது இன்றும் உலோகமாகவே தெரிகிறது. உச்செல்லோ வெள்ளியைத் தேர்ந்தது காசு கொடுத்தவரின் கண்ணை மனத்தில் வைத்துத்தான் என்பது என் ஊகம்.

அவருடைய நிஜமான ஆசை வேறெங்கோ இருந்தது. படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். இளஞ்சிவப்புத் தரையில் முறிந்த ஈட்டிகள் கிடக்கின்றன. போரில் முறிந்த கட்டைகள் இவ்வளவு ஒழுங்காக விழாது. சில நமக்குக் குறுக்கே கிடக்கின்றன, மற்றவை நம்மைவிட்டு விலகி உள்ளே ஓடுகின்றன. தரையில் கட்டம் போட்ட மாதிரி இருக்கிறது. தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் என்ற, அன்று புத்தம்புதிதாக இருந்த கணக்கு அது. ஃபுளோரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அதைச் செய்து காட்டினார். 1435இல் ஆல்பர்த்தி என்ற அறிஞர் எழுத்தில் வகுத்தார்.

கணக்கு எளிது. கண்ணுக்கு 1 மீட்டர் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பாலுள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணுக்கு வரும் நேர்கோடு கண்ணாடியை எங்கே தொடுகிறதோ, அங்கே புள்ளி வைக்க வேண்டும். வடிவொத்த முக்கோணங்களின்படி, தொலைவு இரட்டித்தால் அளவு பாதியாகும். 3 மீட்டர் ஈட்டி ஒன்று 3 மீட்டர் தொலைவில் நமக்குக் குறுக்கே கிடந்தால் கண்ணாடியில் அதன் நீளம் 1 மீட்டர். அதே ஈட்டியை நேராக நம்மைவிட்டு விலகிப் போகும்படி திருப்பினால் அருகு முனை 3 மீட்டரிலும் தூர முனை 6 மீட்டரிலும் இருக்கும். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்றால், கண்மட்டக் கோட்டுக்கு 50 சென்டிமீட்டர் கீழே அருகு முனை. 25 சென்டிமீட்டர் கீழே தூர முனை. முழு ஈட்டியும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது! இன்னும் நீட்டிக்கொண்டே போனால் அது கண்மட்டக் கோட்டை நெருங்கும், தொடாது. அதற்கு இணையான எல்லா ஈட்டிகளும் நெருங்குவது அந்தக் கோட்டிலுள்ள ஒரே புள்ளியைத்தான். அதுதான் மறைபுள்ளி.

ஈட்டிகளை வைத்துத் தரைக்கு ஆழம் கொடுத்த உச்செல்லோ, பின்னணி மலைகளை அந்தக் கணக்குக்குள் கொண்டுவரவில்லை. ரோஜாப் புதருக்குப் பின்னால் அவை செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. இடது கீழ்மூலையில் குப்புற விழுந்து கிடக்கும் வீரனின் உடலைத் தொலைவுக் கணக்குப்படி குறுக்கிக் காட்டியிருப்பது அபாரம்தான். ஆனால் பக்கத்துக் குதிரையோடு ஒப்பிட்டால் ஆள் ரொம்பச் சின்னவன். ரத்தமும் கண்ணில் படவில்லை. போரைக் காட்டுவதைவிட அளவெடுப்பதில்தான் மனிதருக்கு ருசி. எனக்கு அதில் குறையில்லை, அந்த ஈட்டிகளுக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

பர்த்தொலினி இறந்தபின் படங்கள் மகன்களுக்கு வந்தன. ஃபுளோரன்ஸைப் பட்டமில்லாமல் ஆண்ட லொரென்சோ தே மெதிச்சிக்கு அவை மேல் கண். தமியானோ என்ற மகன் தர மறுத்தார். லொரென்சோவின் ஆட்கள் வீடு புகுந்து எடுத்துப்போனார்கள். வளைந்த மேல்விளிம்போடு இருந்த பலகைகள் பின்னர் வெட்டி, மூலைகளில் துண்டு சேர்த்து, செவ்வகமாக்கப்பட்டன. 1492இல் லொரென்சோ இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் மூன்றும் அவர் அரண்மனையில் இருந்தன. 1494இல் மெதிச்சிகள் நகரைவிட்டு விரட்டப்பட்டதும், மறுஆண்டே தமியானோ படங்களைத் திரும்பக் கேட்டு மனுப்போட்டார். இன்று லண்டனில் ஒன்று, பாரிஸ் லூவ்ரில் ஒன்று, ஃபுளோரன்ஸின் உஃபிசியில் ஒன்று.